தீவில் இருப்பதா, புறநகருக்குப் போவதா?

(ஒரு கூட்டுறவுப் பரிசோதகர் எழுதுவது)

ஒரு குடும்பம் எவ்வூரில் வாழ்வது என்பது அக்குடும்பத்தின் சொந்த விஷயம். அதிற் கூட்டுறவுச் சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஓர் அங்கத்தவர் ஊரை விட்டுப் போகும்பொழுது அவருடைய பெட்டி படுக்கை மாத்திரம் போவதில்லை. படகிற் போய்வருவோரில் ஒருவர் குறைகிறார். பாடசாலை வகுப்பிற் பிள்ளைகள் குறைகின்றனர். பங்குக் கிணற்றை இறைத்துத் தூர் வாரும் ஆட்களில் ஓராள் குறைகிறது. சங்கப் பொதுக்கூட்டத்தில் ஓர் ஆசனம் வெறுமையாகின்றது. ஆகவே சொந்த விஷயமாகத் தொடங்கும் இது பொது விஷயமாகவே முடிகின்றது. அதனாலேயே இதனை அங்கத்தவர் சிந்தனைக்கு வைக்கத் துணிந்தோம்.

யாழ்ப்பாணத்துத் தீவகத்தை நாம் அறிவோம். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவற்றுக்குக் கடலை ஊடறுத்துப் போட்ட தெரு உண்டு. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்னும் நான்குக்கும் இன்றுவரை படகே வழி. இத்தீவுகளிலே தறியோ, தோட்டமோ, பனங்காணியோ வைத்திருக்கும் இளங்குடும்பங்கள் இன்று ஒரு கேள்வியோடு நிற்கின்றன: இருந்த இடத்திலேயே இருப்பதா? அல்லது காணியை விற்று, கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி ஆகிய அமைதியான புறநகர்ப் பகுதியொன்றில் இரண்டு பரப்பு வாங்கிக் குடியேறுவதா? சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் எம்மிடமும் இக்கேள்வி அடிக்கடி வருகின்றது. நின்ற நிலையில் விடை சொல்லத் தக்க கேள்வி இஃதன்று. ஆகவே கணக்குப் பரிசோதிக்கும் முறையிலேயே, வரவையும் செலவையும் தலைப்புத் தலைப்பாக எடுத்து நோக்குவோம்.

அமைதி ஓர் அளவுகோலன்று

இக்கேள்வியைக் கேட்போரிற் பெரும்பாலோர் முதலிற் சொல்வது அமைதியையே. தீவை விரும்புவோர், அங்கே அலையோசையும் பனையோலையின் சலசலப்பும் அன்றி வேறு சத்தமில்லை என்பர். புறநகரை விரும்புவோர், நகரத்தின் வசதி வேண்டும், ஆரவாரம் வேண்டாம், ஒழுங்கையொன்றினுள்ளே குடியிருந்தால் இரண்டும் கைகூடும் என்பர். இரு சாராரும் கூறுவது உண்மையே. அதனாலேயே அமைதியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரு தட்டிலும் ஒரே நிறை இருந்தால் தராசு எப்பக்கமும் சாயாது அன்றோ?

அன்றியும் அமைதியில் இருவகை உண்டு. உழைத்து ஓய்ந்த ஊரின் அமைதி ஒன்று. ஆளற்ற ஊரின் அமைதி மற்றொன்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் யுத்தம் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தோர் ஒரு பகுதியினரே. ஏனையோர் குடாநாட்டிலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வேரூன்றிவிட்டனர். கூரையிழந்த கல்வீடுகளையும், பற்றை மூடிய கிணறுகளையும் புங்குடுதீவிலும் வேலணையிலும் இன்றும் காணலாம். அவ்வளவுகளிலும் அமைதிதான் குடியிருக்கின்றது. அதனை விரும்பிப் போவார் எவருமில்லை.

புறநகரின் அமைதியோ நாளுக்கு நாள் செலவாகிக்கொண்டிருக்கும் அமைதி. நேற்று வெங்காயம் விளைந்த தோட்டம் இன்று நான்கு துண்டாக அளக்கப்பட்டு நான்கு மதில்கள் எழுகின்றன. அமைதியை நாடி வரும் ஒவ்வொருவரும் அவ்வமைதியிற் சிறிது குறைத்துக்கொண்டே உள்ளே வருகிறார். இக்கரை மாட்டுக்கு அக்கரை பச்சை என்பது பழமொழி. அக்கரைக்குப் போன மாடுகள் பலவாகும்பொழுது அங்குள்ள பச்சையும் மேய்ந்து தீர்ந்துவிடும் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

தண்ணீரின் கணக்கு

அமைதியை விடுத்துத் தண்ணீருக்கு வருவோம். குடாநாட்டிலும் சரி, தீவுகளிலும் சரி, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மாரியே எமது மூலதனம். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை. அதிற் பெரும்பகுதி அம்மூன்று மாதங்களிலேயே விழுந்துவிடுகின்றது. அந்நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் சற்றுப் பாரம் குறைந்தது என்பதே அதற்குக் காரணம். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இதன் மறுபக்கத்தையும் கவனித்தல் வேண்டும். மேலே ஓரடி குறையும்படி நாம் இறைத்தெடுத்தால், கீழிருந்து உவர்நீர் நாற்பதடி மேலேற இடமுண்டாகின்றது. வட்டியை உண்ணலாம், முதலில் கை வைக்கலாகாது என்று சங்கங்களிற் சொல்லுகின்றோமே, அவ்விதி கிணற்றுக்கும் பொருந்தும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை.

தீவு சிறிதாயின் இந்த நன்னீர்ப் படையும் மெல்லியது. சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள நெடுந்தீவிலே சாராப்பிட்டிக் கிணறுகள் போன்று குடிக்கத்தக்க நீர் தருவன சிலவே. ஆதலால் தீவிற் குடியிருக்க எண்ணுபவர் தை மாதத்திற் கிணற்றைப் பார்த்து மகிழலாகாது. அப்பொழுது எல்லாக் கிணறும் நல்ல கிணறே. ஆவணி, புரட்டாதியில், மாரிக்கு முன்பாக, அதே கிணற்று நீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தல் வேண்டும். அந்நாளிலும் குடிக்கத்தக்கதாயின் அக்காணி விற்கத்தக்க காணியன்று.

புறநகரிலே தண்ணீர் இனியது, நிறையவும் உண்டு. ஆனால் அங்கே வேறொரு கேடு இருக்கின்றது. தோட்டங்களுக்கு இடும் இரசாயனப் பசளையிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று என்னும் உப்பு கசிந்து நிலத்தடி நீரிற் சேர்கின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ளது. நெருக்கமாகத் தோட்டஞ்செய்யும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டுள்ளமை ஆராய்ச்சிகளிற் காணப்பட்டிருக்கின்றது. இதனைக் கண்ணாற் காணவோ நாவால் உணரவோ முடியாது. புட்டிப்பால் அருந்தும் பச்சைக் குழந்தைகளுக்கு இதனால் ஆபத்து அதிகம். சுன்னாகத்துச் சூழலிற் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தமை பற்றி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் மக்கள் பட்ட கவலையையும் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள்.

இதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு பரப்பு என்பது ஏக்கரில் பதினாறிலொன்று. சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு ஏறத்தாழ 52 அடி. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியாவது விடவேண்டும் என்பது வழக்கிலுள்ள விதி. ஒரு பரப்பிலோ இரண்டு பரப்பிலோ வீடு கட்டி, தன் கிணற்றுக்கும் அயலவர் நால்வரின் கிணறுகளுக்கும் 50 அடி விடுவது எங்ஙனம்? மதில் எவ்வளவு உயரமாயினும் நிலத்தின் கீழே மதில் இல்லை.

2024 ஆம் ஆண்டிலே தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய் நீர் வரும் இடங்களிற் குடிநீர்க் கவலை குறையும் என்பது மெய்யே. ஆயினும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் மாட்டுக்கு வைப்பதற்கும் கிணற்றையன்றி வேறு கதி நமக்கு இல்லை. ஆகவே தண்ணீர்க் கணக்கின் முடிவு இது: தீவிலே தண்ணீர் குறைவு, அதனைக் கெடுப்பவரும் குறைவு, புறநகரிலே தண்ணீர் நிறைவு, அதனைக் கெடுப்பவரும் நிறைவு. அங்கு போய்ச் சேரும் ஒவ்வொரு குடும்பமும் இரண்டாவது தொகையையே கூட்டுகின்றது.

பாதையின் கணக்கு

பாதை என்னும் தலைப்பிலே புறநகருக்கே வெற்றி. இதனை மறைக்க முயல்வது நேர்மையன்று. கொக்குவிலிலிருந்து நகரம் மூன்று நான்கு கிலோமீற்றர். பஸ் உண்டு, 2014 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வந்த புகையிரதமும் உண்டு. போதனா வைத்தியசாலை அண்மையில். பல்கலைக்கழகம் அதனிலும் அண்மையில். நெடுந்தீவுக்கோ நகரிலிருந்து குறிகட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பஸ் பயணம்; அங்கிருந்து படகில் இன்னுமொரு மணித்தியாலம். சோழகம் பலமாக வீசும் மாதங்களிற் கடல் இடங்கொடுத்தாலன்றிப் படகு இல்லை. பின்னேரப் படகு போய்விட்டால் அடுத்த நாட்காலை வரை தீவு தனித்தே நிற்கின்றது. இரவிலே ஒரு தாய்க்குப் பிரசவ வேதனையில் ஆபத்து நேர்ந்தால், அவ்வீட்டாருக்கு ஒவ்வொரு நிமிடமும் ஒரு யுகம். குமுதினிப் படகிலே 1985 ஆம் ஆண்டு மே 15ஆந் திகதி பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட கொடுமை இன்னும் ஆறாத புண். பாதை என்றாலே நெடுந்தீவாருக்குக் கூலியும் நேரமும் மட்டுமன்று, நினைவுகளும் உள.

ஆகவே வாரந்தோறும் சிறுநீரகச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டிய நோயாளர், இருதய நோயுள்ள முதியோர், ஆபத்தான கர்ப்பம் என்று வைத்தியர் எச்சரித்த தாய்மார் ஆகியோர் வைத்தியசாலைக்கு அண்மையில் இருத்தலே தகும். இவர்களைத் தீவிலே இரு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் ஏனையோர்? ஒரு குடும்பத்துக்கு ஆண்டிலே உண்மையாக நகரம் தேவைப்படும் நாட்கள் எத்தனை என்று வீட்டுக்கு வீடு எழுதிப் பார்த்தல் நலம். பிரசவத்துக்குச் சில வாரங்கள். மகனோ மகளோ உயர்தர வகுப்பில் விஞ்ஞானமோ கணிதமோ படிப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள். கிளினிக்குக்கு மாதம் ஒரு நாள். கச்சேரிக்கும் வங்கிக்கும் எப்போதாவது ஒரு நாள். இவற்றுக்காகவே பெரும்பாலோர் ஊரை விடுகின்றனர். சிலவேளைத் தேவைக்காக என்றென்றைக்குமான விலையைக் கொடுக்கின்றனர் என்பதே எமது கருத்து.

அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. பத்துப் பேரை ஏற்றினாலும் அறுபது பேரை ஏற்றினாலும் படகு எரிக்கும் எண்ணெய் ஏறத்தாழ ஒன்றே. ஏறுவோர் குறையக் குறைய ஓட்டமும் குறையும். ஓட்டம் குறையக் குறைய இருப்போருக்கும் அங்கிருப்பது கடினமாகும். வகுப்பிற் பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவர். ஆசிரியர் குறைந்தால் மிஞ்சிய பிள்ளையும் போகும். தீவைத் தனிமைப்படுத்துவது கடல் அன்று. கடல் எக்காலத்தும் அவ்விடத்திலேயே இருந்தது. போனவர்களின் தொகையே அதனைத் தனிமைப்படுத்துகின்றது.

தொழிலின் கணக்கு

நெசவாளரையும் பயிர்ச்செய்கையாளரையும் இத்தலைப்பிலே வெவ்வேறாக எடுத்தல் வேண்டும்.

நெசவாளருக்குக் கடல் பெரிய பகையன்று. நூற்கட்டு வருவதும் சேலையோ சாரமோ போவதும் படகிலே ஒரு மூட்டைதான். பாரம் சிறிது, பெறுமதி பெரிது. அடுத்த படகு நாளைதான் என்றாலும் துணி அழுகிப் போவதில்லை. இக்காலத்திலே கைத்தொலைபேசியிற் படம் அனுப்பிக் கட்டளை பெறுவதும் வழக்கமாகிவிட்டது. அவருக்குத் தீவு தரும் தொல்லை வேறு: உப்புக் காற்றிலே அச்சுக் கம்பி துருப்பிடிக்கும், துருப்பட்ட இழை அறும், துணியிலும் கறை விழும். வன்னீரிலும் உவர்நீரிலும் சாயம் சீராகப் பிடிப்பதில்லை. ஆகவே தீவில் நெய்பவர் சாயமிட்ட நூலாகவே வாங்குதலும், ஓய்ந்திருக்கும் அச்சைத் துடைத்து எண்ணெய் பூசி உலர்ந்த இடத்தில் வைத்தலும் வேண்டும். இவை சங்கம் ஒழுங்கு செய்யக்கூடிய காரியங்களே. வெளிச்சத்தின் குறையும் தீர்ந்து வருகின்றது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் பெறும் திட்டத்துக்கு இந்திய அரசின் நன்கொடையோடு 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

பயிர்ச்செய்கையாளருக்கோ கடல் ஒரு வரிபோல. பசளை மூட்டையும் கிழங்கு விதையும் அவர் ஏற்றிவர வேண்டும். வெங்காயத்தையும் மரக்கறியையும் அவர் ஏற்றிப்போக வேண்டும். பாரம் பெரிது, பெறுமதி சிறிது. அதற்குமேல் வாடிப்போகும் பொருள். ஆகவே தனித்தனியே ஏற்றுவோர் தோல்வியடைகின்றனர். ஒன்றாகச் சேர்த்து ஏற்றுவோரே தாக்குப்பிடிக்கின்றனர். இருந்தும், அவர் புறநகருக்குப் போவாராயின் நிலைமை என்ன? நெசவாளர் தறியைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய் இரண்டு பரப்பு வளவில் மீண்டும் பூட்டலாம். தோட்டக்காரர் தோட்டத்தை ஏற்றிக்கொண்டு போக முடியாது. பனையும் வேரோடு வராது. வீடும் கிணறும் குழியும் போக இரண்டு பரப்பில் எஞ்சுவது நாலு கத்தரிக்கும் ஒரு முருங்கைக்குமான இடமே. நேற்றுவரை தனக்குத் தானே எசமானாயிருந்தவர் நாளை பிறர் கடையில் நாட்சம்பளத்துக்கு நிற்கின்றார். போகும்பொழுது ஒருவரும் இதனை எண்ணுவதில்லை. போன ஆறாம் மாதத்திலேதான் எண்ணுகின்றனர்.

காணியின் கணக்கு

தீவிலே பல பரப்பை விற்றாலும் புறநகரில் ஒரு பரப்பு வாங்கப் பெரும்பாலும் காணாது. மிச்சத்துக்குக் கடன். கடனைக் கட்டுவதற்கு வருமானம் வேண்டும். வருமானம் தந்த காணியையோ முன்னமே விற்றாயிற்று. இக்கூட்டலும் கழித்தலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஆயினும் சீதனம் என்றும் பிள்ளைகளின் எதிர்காலம் என்றும் பேச்சு எழும்பொழுது பெரியவர்களுக்கு விளங்காமற் போகின்றது. ஆகவே எமது முதலாவது ஆலோசனை: போகவேண்டியவர் போகட்டும், ஆனால் வாடகைக்குப் போகட்டும், விற்றுப் போகவேண்டாம். சங்க அங்கத்துவத்தை விலக்கிக்கொண்டும் போகவேண்டாம்.

இரண்டாவது ஆலோசனை, ஏற்கெனவே போனவர்களின் காணி பற்றியது. உரிமையாளர் தூரத்தில், காணி பற்றையில், பக்கத்துக் காணிக்காரருக்கோ பயிரிட நிலம் காணாது. கொடுத்தால் காணி கைவிட்டுப் போய்விடுமோ என்று உரிமையாளர் அஞ்சுகின்றார். அவ்வச்சம் வீணானதன்று. ஆகவே வாய்ப்பேச்சில் விடாது, சங்கமே நடுவில் நின்று, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும் எழுத்து ஒப்பந்தத்தின்மேல் காணியைப் பெற்று, பயிரிடும் அங்கத்தவருக்குக் கொடுத்தல் வேண்டும். குத்தகைப் பணம் உரிமையாளரின் பெயரிற் சங்கக் கணக்கில் வைப்பாகட்டும். ஆண்டுக்கொரு முறை கிணறு இறைத்துத் தூர் வாருவதும் வேலி அடைப்பதும் குத்தகையின் ஒரு பகுதியாகட்டும். இதனால் உரிமையாளர் காணியை இழப்பதில்லை. காணி உயிரை இழப்பதில்லை.

இரண்டில் ஒன்றா?

இதுவரை கண்ட கணக்கை ஒன்றாகக் கூட்டினால், புறநகரின் பெரும்பயன் ஒன்றே: வைத்தியசாலையும் உயர்வகுப்பும் அண்மையில் இருப்பது. தீவின் பெரும்பயன் தொழிலும் காணியும் கடனில்லாமையும். முன்னையது இடையிடையே வேண்டுவது. பின்னையது நாள்தோறும் வேண்டுவது. இடையிடையே வேண்டுவதை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே விலைகொடுத்து வாங்குவது ஏன்? பத்துப் பேருக்கு ஓர் உழவு இயந்திரம் போதுமென்றால் பத்து இயந்திரம் வாங்குவோமா?

ஆகவே எமது மூன்றாவது ஆலோசனையே இக்கட்டுரையின் நோக்கம். படகே வழியாகவுள்ள தீவுகளின் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, கொக்குவில் கோண்டாவிற் பக்கத்திலே ஐந்தாறு பரப்புக் காணியுள்ள ஒரு வீட்டை வாடகைக்கோ விலைக்கோ பெற்று, தீவக அங்கத்தவர் தங்குமிடம் ஒன்றை நடத்துதல் வேண்டும். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பகுதி. பிரசவத்துக்கு நாட்கணக்கு வைத்திருக்கும் தாய்மாருக்கும் அவருக்குத் துணை வருவோருக்கும் ஒரு பகுதி. கிளினிக்குக்கு வந்து படகு தவறியவருக்கு ஓர் அறை. விற்பனைக்கு வரும் துணிக்கும் ஓலைப்பொருளுக்கும் பனங்கட்டிக்கும் முன்பக்கத்தில் ஒரு கடை. கணக்குக்காக இருநூறு குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். இருநூறும் தனித்தனியே குடியேறினால் இருநூறு கடன், இருநூறு குழி, இருநூறு வெறும் வளவு. ஒன்றாகச் செய்தால் ஒரு வீடு, ஒரு கிணறு, தக்க தூரத்தில் ஒரு குழி. தீவிலே இருநூறு விளக்கும் எரிந்துகொண்டேயிருக்கும்.

இஃது ஆகாத காரியமன்று. காரைநகருக்குப் போகும் வழியிலுள்ள மூளாயிலே, 1930களிற் கிராமத்தவர் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே நிறுவினார்கள். நகரத்து வைத்தியசாலைக்கு அண்மையாகக் குடிபெயர்வோம் என்று அவர்கள் எண்ணவில்லை. வைத்தியசாலையைத் தம் ஊருக்குக் கொண்டுவருவோம் என்றே எண்ணினார்கள். மலையாளத்துக்குப் புகையிலை அனுப்பிய யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரும் ஒவ்வொருவராகத் தரகரிடம் போகாது, விற்பனைச் சங்கம் அமைத்தே அவ்வியாபாரத்தை நடத்தினர். அவர்கள் வைத்தியசாலை கட்டினார்கள். நாம் கேட்பதோ ஒரு தங்குமிடம் மாத்திரமே.

சில ஆட்சேபங்கள்

"பரிசோதகருக்கு என்ன? நகரத்திலே இருந்துகொண்டு தீவில் இருக்கும்படி நமக்குச் சொல்லுகிறார்" என்று ஓர் அங்கத்தவர் சொல்லக்கூடும். அரசாங்க ஊழியன் இடமாற்றக் கடிதம் காட்டும் ஊரில் இருப்பவன். தெரிவு அவனுக்கு இல்லை. தெரிவு உள்ளவர்களுக்கே இதனை எழுதுகின்றோம். மேலும் ஆலோசனையின் தகுதியைச் சொன்னவரின் விலாசத்தைக் கொண்டு அளத்தல் முறையன்று. கணக்குச் சரியா பிழையா என்றே பார்த்தல் வேண்டும்.

"தங்குமிடம் தொடங்கும்போது எல்லாரும் வருவர், நடத்தும்போது ஒருவரும் வரார். முடிவிலே சத்திரமாகிவிடும்" என்பது மற்றோர் ஆட்சேபம். இஃது அனுபவத்தின் குரல், அலட்சியம் செய்யலாகாது. மாதப் பங்கு ஒழுங்காகச் செலுத்தியவருக்கே இடம். தங்கும் நாட்களுக்கு உச்சவரம்பு. வரவு செலவு மாதந்தோறும் ஒவ்வொரு தீவின் சங்கக் கதவிலும் ஒட்டப்படல். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு தக்க பெண்மணி. தீவுக்கு ஒருவராக அமையும் நிர்வாக சபையிற் பாதிப்பேராவது பெண்கள் — இவ்வைந்தையும் உபவிதிகளில் முன்னரே எழுதிவைத்தால் சத்திரமாகும் பயம் பெரிதும் நீங்கும். பெண்களைச் சேர்க்கச் சொல்வது உபசாரத்துக்கன்று. பிரசவத்துக்கும் படிப்புக்கும் படகேறி அலைந்தவர்கள் அவர்களே; எங்கே என்ன குறை என்பது அவர்களுக்கே நன்கு தெரியும்.

"இளைஞர் தீவில் இருக்க விரும்பவில்லையே, அவர்களைக் கட்டி வைக்கலாமா?" என்பது மூன்றாவது. கட்டி வைக்கலாகாது, கட்டி வைக்கவும் முடியாது. ஆனால் விரும்பிப் போவது வேறு, வேறு வழியில்லாமற் போவது வேறு. இன்று போவோரில் எத்தனை பேர் முதலாம் வகுப்பினர்? இரண்டாம் வகுப்பினரின் தொகையைக் குறைப்பதே சங்கங்களின் கடமை. போக விரும்புவோர் மகிழ்ச்சியோடு போகட்டும்; இருக்க விரும்புவோர் அச்சமின்றி இருக்கட்டும். அப்பொழுதுதான் அது தெரிவு என்னும் பெயருக்குத் தகும்.

முடிவாக, இக்கேள்வியோடு நிற்கும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். ஆவணியிலும் கிணறு இனிக்கின்றதா, கையிலே தறியோ தோட்டமோ இருக்கின்றதா, வீட்டில் அன்றாடம் வைத்தியம் வேண்டும் நோயாளர் இல்லையா — இம்மூன்றுக்கும் ஆம் என்பீராயின் தீவிலேயே இருங்கள். ஒன்றுக்காவது இல்லை என்பீராயின் போவதில் இழுக்கில்லை. வாடகைக்குப் போங்கள், போகுமுன் அங்குள்ள கிணற்று நீரை ஒரு போத்தலில் எடுத்து நைத்திரேற்றுப் பரிசோதனை செய்வித்துக்கொள்ளுங்கள், காணியைச் சங்கத்தின் மூலம் குத்தகைக்குக் கொடுங்கள், அங்கத்துவத்தை வைத்திருங்கள்.

சங்கங்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்றே. அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலே, கணக்கறிக்கைக்கு அடுத்ததாக, தங்குமிடம் பற்றியும் குத்தகைக் காணி பற்றியும் இரண்டு தீர்மானங்களைச் சேருங்கள். ஆதரித்தாலும் எதிர்த்தாலும் அவற்றைப் பேசித் தீருங்கள். பேசாமல் விட்ட ஒவ்வோர் ஆண்டும் அங்கத்தவர் இடாப்பிலே சில பெயர்களுக்கு எதிரே "ஊரில் இல்லை" என்று எழுத நேர்கின்றது.